நீலவேணிக்கு முறை தேடிய கதை

முன்னொரு காலத்தில், ராசா தும்மினால்கூட அதைச் சட்டமாக எழுதி வைத்த காலத்தில், விசயகண்டன் என்று ஒரு ராசா இருந்தார். நாடு சின்னது, பெருமை பெரிது. அந்தப் பெருமை முழுவதும் அவருடைய குதிரைகளால் வந்தது. உடம்பெல்லாம் கறுப்பு; நெற்றியில் மட்டும் வெள்ளை மயிர் சங்குபோலச் சுழித்திருக்கும். சங்குச்சுழிக் குதிரை என்று பெயர். உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத சாதி என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்களில் யார் உலகத்தைப் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ராசாவின் பூட்டன் லாயத்து வாசலில் ஒரு கல் நட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான். 'அயல் குதிரை எதுவும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. மிதிக்க விடச் சொல்கிறவன் இந்த நாட்டில் இருக்கக் கூடாது' என்று அதில் வெட்டியிருந்தது. அதனால் குதிரைக் கணக்கில் ஏழு தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே இணை சேர்த்தார்கள். பாட்டன் காலத்தில் அறுபது குதிரைகள் இருந்தன. அப்பன் காலத்தில் இருபது. விசயகண்டன் காலத்தில் ராசகேசரி என்ற ஆண் குதிரை ஒன்று, நீலவேணி என்ற பெண் குதிரை ஒன்று, அவ்வளவுதான். நடுவில் பிறந்த குட்டிகள் சில வயிற்றிலேயே செத்தன. சில பிறந்து, கால் ஊன்ற முடியாமல் மூன்றாம் நாள் போயின. சிலவற்றுக்குத் தாடை கோணி, பால் குடிக்க வரவில்லை. பல பெண் குதிரைகளுக்குச் சினையே பிடிக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் நாடு கடத்துவார்கள் என்பதும் தெரியும்.

அந்த அரண்மனையில் வேம்பையன் என்று ஒரு விகடன் இருந்தான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கூத்துக் கோஷ்டியோடு மத்தளக்காரனாக வந்தவன். காய்ச்சலில் படுத்தான், கோஷ்டி அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. எழுந்ததும் ராசாவைச் சிரிக்க வைத்தான், அப்படியே தங்கிவிட்டான்.

அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரோடும் முறை உண்டு. தயிர்க்காரி தளபதியைச் சித்தப்பா என்பாள். திருடனே காவல்காரனை மச்சான் என்று கூப்பிட்டுவிட்டுத்தான் ஓடுவான். வேம்பையனை மட்டும் யாரும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. ராசாவுக்கு அவன் வேம்பையன், மற்றவர்களுக்கு விகடர். அவன் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சாப்பாட்டு வேளை வந்தால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவன் லாயத்துக்குப் போவான். அறுபது குதிரை கட்டிய கொட்டடியில் நீலவேணி ஒற்றையாய் நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைத் தின்பான். அவளிடம் அவன் விகடம் பேசுவதில்லை.

அங்கே பேச்சுக்கு இருந்த ஒரே ஆள் குருவம்மா, புல் அறுத்துப் போடுகிறவள். நீலவேணியின் தாய் அவளைப் போட்ட அன்றே செத்துப்போனது. மூங்கில் குழாயில் ஆட்டுப்பால் ஊற்றி நீலவேணியை வளர்த்தவள் குருவம்மாதான். ஒருநாள் குதிரைக்குக் கொள்ளு அவித்துக்கொண்டே, "விகடரய்யா, வீட்டுல நாலு ஆடு வச்சிருக்கவுகளே ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கெடாயை மாத்திப்புடுவாக. இல்லேன்னா குட்டி தங்காது. இது ராசாவுக்குத் தெரியாதாக்கும்?" என்று கேட்டாள். வேம்பையன் வாசலில் இருந்த கல்லைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

ஒருநாள் காலையில் ராசா லாயத்துக்கு வந்தார். அடுத்த வருடம் வைகாசி முடிவதற்குள் தமக்கு ஒரு சங்குச்சுழிக் குட்டி வேண்டும் என்றார். லாய அதிகாரி பரமேந்திரர் இதற்காகவே காத்திருந்தவர். ஏழு தலைமுறைக் குதிரை வம்சத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர் அவர். ராசா அதைக் கேட்கும்போது கொட்டாவி விடுவார். வேம்பையன் வாயைத் திறந்தாலோ நிமிர்ந்து உட்காருவார். அந்த எரிச்சல் பரமேந்திரருக்குப் பல வருடத்து எரிச்சல்.

கல்யாணம் இல்லாமல் இணை சேர்த்ததால்தான் தெய்வம் குட்டியைத் தரவில்லை என்றார் பரமேந்திரர். ராசகேசரிக்கும் நீலவேணிக்கும் கல்யாணம் செய்ய வேண்டும், எப்போதும் லாயத்திலேயே கிடக்கும் வேம்பையனே அதை நடத்தட்டும் என்றார். ராசாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

"வேம்பையா, முறைப்படி கல்யாணத்தை நடத்து. முறை ஒன்று தவறினாலும் சரி, வைகாசிக்குள் குட்டி பிறக்காவிட்டாலும் சரி, எல்லைக்கு அப்பால் போய்விட வேண்டும்" என்றார்.

அன்றைக்கு வேம்பையன் தன் சோற்றை நீலவேணியின் தொட்டியில் கொட்டிவிட்டு உட்கார்ந்தான். எல்லைக்கு அப்பால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தான். இப்பால் மட்டும் யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தான். நீலவேணி அவன் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டாள். அவளை விட்டுப் போக அவனால் முடியாது. ராசா சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன், 'முறைப்படி' என்ற இடத்தில் நின்றான்.

சித்திரை மாதம் லாயத்து முற்றத்தில் பந்தல் போட்டார்கள். வாழை மரம், மேளம், பட்டுப் போர்த்திய மாப்பிள்ளை, பூச்சூடிய பெண். மாப்பிள்ளை வாழை மரத்தைத் தின்ன ஆரம்பித்திருந்தான். வேம்பையன் எழுந்து, முதல் சடங்கு இரண்டு வீட்டு வம்சத்தையும் சபையில் சொல்வது, அதைப் பரமேந்திரரே சொல்ல வேண்டும் என்றான். பரமேந்திரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். மாப்பிள்ளை ராசகேசரி, ரணகேசரியின் பேரன், வீரகேசரியின் மகன். பெண் நீலவேணி, ரணகேசரியின் பேத்தி, வீரகேசரியின் மகள். அவள் தாய் கருங்குழலி, அவளும் வீரகேசரியின் மகள், ராசகேசரியின் கூடப்பிறந்தவள். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

வேம்பையன் கையில் இரண்டு மாலையோடு சபையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அரசே, சம்பந்திகள் மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டு பக்கத்துக்கும் ஒரே சம்பந்திதான். பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். தாய்மாமனோ மணவறையில் நிற்கிறார், வாழை மரம் தின்கிறார்."

"தாய்மாமன் பெண்ணைக் கட்டுவது முறைதானே?" என்று பரமேந்திரர் குறுக்கிட்டார்.

"முறைதான். அந்தத் தாய்மாமனே பெண்ணுக்கு அண்ணனாகவும் இருந்தால்?"

பந்தலில் மேளம் நின்றுவிட்டது. ராசாவின் முகம் இறுகியது. "நீ என்னதான் சொல்ல வருகிறாய்?" என்றார்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை அரசே. முறைப்படி நடத்தச் சொன்னீர்கள். முறையைத் தேடினேன். இந்த லாயத்துக்குள் இவளுக்கு முறை இல்லை."

"விலங்குக்கு ஏது முறை?" என்றார் பரமேந்திரர்.

"விலங்குக்கு ஏது கல்யாணம்? அது தங்கள் யோசனை அல்லவா?"

ராசா லாயத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பூட்டனாரின் கல்லை என்ன செய்வது என்று கேட்டார். வெளி மாப்பிள்ளை உள்ளே வரவே வேண்டாம், கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டுக்குப் போவதுதானே முறை என்றான் வேம்பையன். பெண் வெளியே போகக் கூடாது என்று கல்லில் எங்கே இருக்கிறது? ராசா ஆளனுப்பிக் கல்லை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்படி ஒரு வரி இல்லை. ராசாவின் மீசை ஓரம் லேசாக அசைந்தது.

கோட்டைக்கு வெளியே உப்பு வணிகர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். அவர்களிடம் செம்பட்டை நிறத்தில் ஒரு பொதிக் குதிரை இருந்தது. காது கிழிந்தது, முழங்கால் தழும்பேறியது. அதுதான் மாப்பிள்ளை என்றதும் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. மாப்பிள்ளையின் வம்சம் என்ன என்று பரமேந்திரர் ஏட்டை விரித்துக்கொண்டு கேட்டார். வணிகன் தலையைச் சொறிந்தான்.

"உப்புச் சுமக்கும். உதைக்கும். வேற ஒண்ணும் தெரியாது சாமி."

"எழுதாமல் விடுங்கள். என் பெயருக்குப் பின்னாலும் எழுத ஒன்றும் இல்லை. நான் இருக்கவில்லையா?" என்றான் வேம்பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் ஏது? ராசகேசரியைக் கேட்டால் வரமாட்டான். வேம்பையனே தலைப்பாகை கட்டிக்கொண்டு தாய்மாமனாக நின்று நீலவேணியின் கழுத்தில் மாலை போட்டான். குதிரைக்கு மாமன், குதிரைக்கு மாமன் என்று கூட்டம் கைதட்டியது. பெண்ணைப் பெற்றவள் இடத்தில் நின்ற குருவம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் நீலவேணியின் நெற்றியில், சங்குக்குக் கீழே, குங்குமம் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

நீலவேணி இரண்டு மாதம் புகுந்த வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு மாதமும் வேம்பையன் வெறும் கொட்டடியில் உட்கார்ந்து தின்றான். அரண்மனையில் அவனோடு யாரும் ஒட்டவில்லை. போகப்போகிறவனோடு என்ன பேச்சு? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதும் முறை என்பதால், ஆடியில் நீலவேணி சினையோடு திரும்பி வந்தாள். அப்போதும் யாரும் நம்பவில்லை. எத்தனை குட்டிகள் வயிற்றிலேயே போயிருக்கின்றன. மாசி மாதம் பரமேந்திரர் ஒரு சோடி புதுச் செருப்பு தைத்து அனுப்பினார். எல்லை வரை நடக்க உதவும் என்று சொல்லியனுப்பியிருந்தார். வேம்பையன் அதைப் போட்டுப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. அன்று முழுவதும் அவன் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

வைகாசி முடிய ஐந்து நாள் இருக்கும்போது, விடிந்து ஒரு நாழிகையில், நீலவேணி குட்டி போட்டாள். குட்டி இரண்டு தரம் விழுந்தது, மூன்றாம் தரம் நான்கு காலிலும் நின்றது, தானாகப் போய் மடியைத் தேடியது. பத்து வருடமாக அந்த லாயத்தில் யாரும் பார்க்காத காட்சி அது. ராசா ஓடி வந்தார். பரமேந்திரரும் வந்தார், குனிந்து நெற்றியைப் பார்த்தார், சங்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கால் செம்பட்டை, இது நம் வம்சமே அல்ல என்றார். இன்னும் நன்றாகப் பார்க்கப் பின்பக்கம் போனார். குட்டி பளீரென்று ஓர் உதை விட்டது. பரமேந்திரர் புல்லுக்கட்டின்மேல் போய் விழுந்தார்.

"வம்சம் தெரிந்துவிட்டது, ஏட்டைக் கொண்டுவாருங்கள்" என்றான் வேம்பையன்.

ராசா சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, இனிமேல் ராசகேசரிக்கும் வெளியிலிருந்தே பெண் எடுக்க வேண்டும் என்றார். கூட நின்றவர்கள் பூட்டனாரின் கல்லை நினைவூட்டினார்கள். மருமகள் எப்படி அயலாள் ஆவாள் என்று ராசாவே திருப்பிக் கேட்டார். பிறகு வேம்பையனிடம் என்ன வேண்டுமோ கேள் என்றார்.

"அரசே, இருபது வருடமாக இந்த ஊரில் எனக்கு முறை இல்லை. யாராவது என்னை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்."

ராசா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இதுவரை அவன் சொன்னதிலேயே இதுதான் நல்ல விகடம் என்று சொல்லி, ராசா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். வேம்பையனும் சிரித்தான். அவன் தொழில் அது.

எல்லோரும் போன பிறகு அவன் கொட்டடியிலேயே நின்றான். முத்துமாலை கழுத்தில் கனத்தது. குருவம்மா குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "அண்ணே, அந்தப் புல்லுக்கட்டை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

வேம்பையன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே வேறு யாரும் இல்லை.

"என்னையா கூப்பிட்டாய்?"

"வேற யாரை? எம் மகளுக்குத் தாய்மாமனா நின்னு மாலை போட்டீகள்ல. அப்ப எனக்கு அண்ணந்தானே முறை? உலையில கஞ்சி கிடக்கு. தள்ளிட்டு வாங்க, குடிப்போம்."

வேம்பையனுக்கு அழுகைதான் வந்தது. அவன் புல்லுக்கட்டைத் தள்ளினான். பரமேந்திரர் தைத்துக் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, மறுநாளிலிருந்து குருவம்மாவோடு புல் அறுக்கவும் போனான் என்று சொல்கிறார்கள். செருப்பு நல்ல உழைப்பாம்.