கண்டக்டர் மாமா சுட்ட ரொட்டி

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தாரு. கோமதிநாயகம்னு பேரு. ரிட்டையர் ஆயாச்சு, ஆனா விசிலு மட்டும் இன்னும் சட்டைப் பையிலயே கெடக்கும். பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, புள்ளகுட்டி கெடையாது. தானே பொங்கித் தின்பாரு. அதுலயும் காலைல இடியாப்பம் இல்லன்னா மனுசனுக்குப் பொழுதே விடியாது. ம் கொட்டு தங்கம், கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

அவருக்குப் பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா. பேரை இப்பக் கேக்காத, கடைசில சொல்லுதேன். ஒரு தடவ கோமதிநாயகம் வீட்டு முத்தத்துல வழுக்கி, தொபுக்கடீர்னு விழுந்து காலை ஒடச்சுக்கிட்டாரு. அப்போ அந்தப் பொண்ணுதான் வேளாவேளைக்கு ரசஞ்சோறு பெசஞ்சு கொண்டாந்து குடுத்தா. சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, வாய் நெறைய மாமாம்பா, அவ்வளவுதான். கட்டு பிரிச்சு எழுந்து நடந்தப்புறமும் அந்தச் சோத்தை அவரு மறக்கல. இதுக்கு நான் என்ன செய்யப் போறேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் அந்தப் பொண்ணு முழுகாம இருந்தா. மசக்கைன்னா உங்க வீட்டு எங்க வீட்டு மசக்கை இல்ல. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே உவ்வேன்னு ஓடுவா. கஞ்சி நிக்காது, மோரு நிக்காது. அப்போ பாத்து மழை. சோன்னு கொட்டுது. ஆத்துல தண்ணி பாலத்துக்கு மேல போகுது. அக்கரைல இருந்து ஒரு வண்டி வரல, ஒரு ஆளு வரல. பெத்த தாயே அக்கரைல நின்னு தவிச்சிக்கிட்டுக் கெடந்தா. நர்சம்மா வந்து நாடி பிடிச்சுப் பாத்துட்டு, நாளைக்குள்ள வயித்துல ஏதாவது நிக்கணும், இல்லன்னா இந்த வெள்ளத்துல படகு வச்சாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னுட்டா. அப்போ அந்தப் பொண்ணு படுத்த பாயில இருந்து மெல்லச் சொன்னா, "பேக்கரி வாசல்ல சுடச்சுட ரொட்டி மணம் வருமே மாமா, அது இருந்தா ரெண்டு வாய் தின்பேன்."

பேக்கரியும் அக்கரைலதான் இருக்கு. என்ன செய்ய?

"ம்... என்ன செய்ய?"

அவரு தங்கச்சி மகன் சிங்கப்பூர்ல இருந்து ஒரு ரொட்டி மிஷின் அனுப்பியிருந்தான். மாவு, ஈஸ்ட்டுங்கிற பொடி, எல்லாம் சேத்துத்தான். நமக்கெதுக்கு இதெல்லாம்னு பழைய வேட்டியில சுத்தி பீரோ மேல போட்டிருந்தாரு. ஓடிப்போயி எடுத்தாரு. மாவைக் கொட்டினாரு, உப்புப் போட்டாரு, பொடியத் தூவினாரு. மாவுன்னாலே அவருக்கு இடியாப்ப மாவுதானே. தளதளன்னு வெந்நியக் கொதிக்க வச்சு ஊத்திட்டாரு. மிஷினு கடமுட கடமுடன்னு சுத்துச்சு. கடைசில தொறந்து கவுத்தா, டொக். அம்மிக்கல்லுக்குத் தம்பி. அந்தப் பொடிக்கு உயிர் உண்டு தங்கம், கொதிக்கிற தண்ணில அது பிழைக்குமா?

சரி, புளிக்கலபோலன்னு நெனச்சாரு. தோசை மாவு ராவெல்லாம் புளிக்கணும்ல? ரெண்டாவது தடவ பச்சத்தண்ணி ஊத்தி, மிஷினு பெசஞ்சு முடிச்சதும் பஸ்ஸை நிறுத்தின மாதிரி நிறுத்திட்டுப் படுத்துட்டாரு. விடிஞ்சு பாத்தா, புஸ்ஸ்ஸு. மாவு மூடியத் தள்ளிக்கிட்டு வெளிய வந்து மேசையெல்லாம் வழிஞ்சு கெடக்கு, ஒரே புளிச்ச வாடை. அந்த வாடைக்கே பக்கத்து வீட்டுல உவ்வே சத்தம் கேட்டுது. பாவம், மனுசன் தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. மிச்சம் இருந்தது ஒரு தடவைக்கான மாவு, ஒரு பொட்டலம் பொடி.

முதல்லயே அந்தச் சிங்கப்பூர்ப் பயகிட்ட போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? கேக்க மாட்டாரு. ஊரையே ஏத்தி எறக்கின ஆளு, ஒரு பொட்டியப் பத்திச் சின்னப் பயகிட்ட கேக்கவான்னு வீம்பு. அன்னைக்கு வீம்பெல்லாம் எங்க போச்சோ, போன் போட்டுட்டாரு. அவன் சொன்னான், "பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுத சூடு போதும் மாமா. அப்புறம் நிறுத்தாதீங்க, தொறக்காதீங்க, சும்மா இருங்க."

சும்மா இருக்கிறது அவ்வளவு லேசா? மூணாவது தடவ, புறங்கையில சொட்டு விட்டுப் பாத்துப் பாத்துத் தண்ணி ஊத்தினாரு. மூடினாரு. மிஷினு கடமுடங்குது, அப்புறம் கம்முனு கெடக்குது, மறுபடி கடமுடங்குது. அவரு கை மூடிகிட்ட போகும், திரும்பி வரும். கடைசில விசில எடுத்துப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துட்டாரு. முருகா, அந்தப் பொண்ணு வயிறு நெறஞ்சாப் போதும்னு வேண்டிக்கிட்டே இருந்தாரு.

அப்போ வந்துச்சு பாரு மணம். கமகமன்னு சமையக்கட்டு நெறஞ்சு, சுவரு தாண்டி, மழைக்குள்ள பூந்து பக்கத்து வீட்டுக்குப் போச்சு. பாயில சுருண்டு கெடந்தவ தானா எழுந்து உக்காந்தா. மாமா வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு, ரொட்டியத் துண்டுல பொதிஞ்சு ஓடியாந்தாரு. ஆவி பறக்குது. அவ ஒரு துண்டு பிச்சு மோந்து பாத்தா. வாயில போட்டா. முழுங்கினா. நர்சம்மா பாக்கா, புருசன் பாக்கான். வெளிய வருமா வருமான்னு பாத்தா, வரல.

"இன்னொரு துண்டு இருக்கா மாமா?"

கோமதிநாயகத்துக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. "தின்னு தாயி. முழுசும் ஒனக்குத்தான்," அப்டின்னாரு. அப்புறம் தண்ணி வடியுற வரைக்கும் அந்த ரொட்டியத்தான் பிச்சுப் பிச்சுத் தின்னா. படகும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு ஆச்சு. அக்கரைல நின்ன அந்தத் தாய் நாந்தான் தங்கம். பாலம் தெறந்ததும் ஓடிப்போயி, முதல்ல மகளப் பாக்கல, அந்த மனுசன் கைய ரெண்டையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அவரு நல்லா இருக்கணும். நீ தெனமும் காலைல போயி ரொட்டி கேட்டு நிக்கியே, அந்த மாமாதான்.

அந்தப் பொண்ணு யாருன்னு கடைசில சொல்லுதேன்னேன்ல, உங்க அம்மைதான். அப்போ வயித்துக்குள்ள இருந்துக்கிட்டு இன்னொரு துண்டு கேட்டது யாரு, சொல்லு பாப்போம்?

ம் காணுமே. ஏட்டி?

சரி. ரொட்டியும் வெந்தாச்சு, வெள்ளமும் வடிஞ்சாச்சு, நீயும் வந்து சேந்தாச்சு. தூங்கு.