நான்காவது போர்ட்

தபீத்தாள் டீச்சர் தன் மேசைக்கு வரும் எந்தப் பெட்டியையும் உடனே தொடமாட்டார். கொண்டுவந்தவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"கடைசியா எதை மாத்துனீங்க?"

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அவரது அறை. வீடுகளிலும் கடைகளிலும் இணைய இணைப்பு அமைக்கும் வேலையைச் சிலருக்கு அங்கே கற்றுக்கொடுத்தார். மாணவர்களில் மூத்தவர் கோமதிநாயகம். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வந்து சேர்ந்தவர். டீச்சரை விடப் பத்து வயதாவது பெரியவர்.

அன்று மத்தியானம் அவர் துணிப்பையோடு படியேறி வந்தார். பையிலிருந்து தன் வீட்டு ரவுட்டரை எடுத்து வைத்தார். பிறகு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. பிறகு சிவப்புப் பொத்தான் ஒன்று.

"வைஃபை தெரியுது டீச்சர். சேரவும் செய்யுது. சிக்னல் முழுசா இருக்கு. ஆனா ஒண்ணும் வரமாட்டேங்கு."

"கடைசியா எதை மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலை."

மூலையில் கேமரா வயருக்கு முனை போட்டுக்கொண்டிருந்த இளைய மாணவன் சாகுல் நிமிரவில்லை. "அண்ணாச்சி கடைசியா மாத்துனது சட்டையைத்தான். அதுவும் தீபாவளிக்கு."

"நீ வேலையப் பாருல."

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சேனல் மாத்திப் பார்த்தேன்" என்றார் கோமதிநாயகம். "பவரைக் கூட்டிப் பார்த்தேன். ஆன்டெனாவைத் திருப்பி வச்சேன்."

"அதெல்லாம் கெட்ட பிறகு செஞ்சது. கெடுறதுக்கு முன்னாடி?"

அவர் ரவுட்டரின் முதுகைப் பார்த்தார். வயர் செருகுவதற்கு வரிசையாக நான்கு போர்ட்டுகள்.

"போர்ட்டைப் பிரிச்சேன்."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்குத்தான். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? விலை குறைஞ்ச சில்லறைச் சாமான்களைத் தனி வலையில வைக்கணும், நம்ம பேங்க் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரோட சேர்த்து வைக்கக் கூடாதுன்னு."

"சொன்னேன்."

"அதான். நாலாவது போர்ட்டுல இருந்துதான் மாடிக்கு வயர் போகுது. அங்க இந்த வெள்ளைப் பெட்டி. அது மாடிக்கு மட்டும் வைஃபை கொடுக்கும். அதுல இந்தப் பொத்தான்."

"பொத்தான் யாருக்கு?"

"தம்பிக்கு."

அவருடைய தம்பி உலகநாதனை டீச்சருக்குத் தெரியும். தெரு முழுக்கத் தெரியும். கோயில் கொடை விழாவில் மைக்கைப் பிடித்தால் விடாத ஆள். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. மாடியில் படுக்கையிலேயே இருந்தார். இடது கைக்குப் பக்கத்தில் பொத்தான். அழுத்தினால் கீழே அண்ணனின் போனில் மணி அடிக்கும்.

"மதினி இல்லையா வீட்டுல?"

"மகளுக்குப் பிரசவம். ஓசூர் போயிருக்கா. நான் ஒருத்தன்தான்."

"ரொம்ப அடிப்பாரோ?"

கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்தார். "அடிப்பானா? தண்ணிக்கு அடிப்பான். மூத்திரத்துக்கு அடிப்பான். ஃபேனைக் கூட்ட அடிப்பான், குறைக்க அடிப்பான். போய் நின்னா, ஒண்ணும் வேண்டாம், சும்மா மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருப்பான். நான் கீழே இறங்கி ஒரு வாய் சோறு வச்சிருக்கமாட்டேன், மறுபடியும் அடிப்பான்."

துணிப்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போ அடங்கிட்டான்" என்றார். "அந்தக் கஷ்டம் இல்லை. வைஃபைதான் சரியாகணும். மகள் வீடியோவுல பிள்ளையைக் காட்டுறேன்னு சொல்லியிருக்கா."

"எப்படிப் பிரிச்சீங்கன்னு சொல்லுங்க."

அதைச் சொல்வதில் அவருக்குப் பிரியம் இருந்தது. கம்பெனி போட்டுத்தந்த மென்பொருளை அழித்துவிட்டு, எதையும் நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய வேறொரு மென்பொருளைத் தானே ஏற்றியிருந்தார். புதிதாக ஒரு வலை உண்டாக்கினார். முதல் மூன்று போர்ட்டுகளைப் பழைய வலையிலிருந்து எடுத்துப் புதியதில் வைத்தார். பழையதில் நான்காவது மட்டும் மிச்சம். பிறகு பழைய வலையில் வருகிறவர்களுக்கு முகவரி கொடுப்பதை நிறுத்தினார். அந்த எண் முகவரி கிடைக்காத கருவி எதோடும் பேச முடியாது.

"நாலாவதை மட்டும் வெளியே எடுத்திருக்கலாமே?"

"நமக்குப் புதுசா சுத்தமா ஒண்ணு இருக்கட்டும்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"சேமிச்சேன். நிக்கலை. பழையபடி திரும்பிருச்சு. மறுபடி செஞ்சேன், மறுபடியும் திரும்பிருச்சு. பிடிவாதம் பிடிச்ச பெட்டி."

சாகுல் இப்போது நிமிர்ந்து பார்த்தான். அந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய மாற்றம் எதையும் செய்தால், மாற்றியவர் இன்னும் தன்னை எட்ட முடிகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கும். அவரிடமிருந்து பதில் வராவிட்டால், தெரியாமல் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும்.

"அப்போ எதுல உக்காந்து செஞ்சீங்க? வயரா, வைஃபையா?" என்றார் டீச்சர்.

"வைஃபைல. ஈஸி சேர்ல."

"திரும்பித் திரும்பிப் போனதும் என்ன செஞ்சீங்க?"

"கேக்காம சேமின்னு ஒண்ணு இருக்கே. அதை அமுக்கினேன். நின்னுருச்சு."

டீச்சர் கையைப் பிரித்தார். முதல் முறையாகப் பெட்டியைத் தொட்டார். ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்து, தன் மடிக்கணினியை வயரால் இணைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"வைஃபை எந்த வலையில இருக்குன்னு பாருங்க."

கோமதிநாயகம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பழையதுல."

"அதுக்கு போர்ட்டு தெரியாது. வலைதான் தெரியும். நீங்க மூணு போர்ட்டைத் தூக்கிக்கிட்டுப் போனீங்க. வைஃபையைக் கூட்டிட்டுப் போகலை. அது பழைய இடத்துலயே நிக்குது."

"அப்போ என் போனு..."

"மாடியோட இருக்கு. தம்பியும் நீங்களும் ஒரே பக்கம்தான் அண்ணாச்சி. முகவரி கொடுக்க ஆளில்லாத பக்கம்."

கோமதிநாயகம் நெற்றியைத் தடவினார். "சின்னத் தப்புதான். மாத்திருதேன்." மடிக்கணினியை இழுக்கப் போனார்.

டீச்சர் விடவில்லை. வெள்ளைப் பெட்டியின் வயரை நான்காவது போர்ட்டில் செருகினார். அதன் விளக்கு எரிந்தது. பிறகு சிவப்புப் பொத்தானை எடுத்து அழுத்தினார். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை அழுத்தினார்.

"அதையும் பார்த்துச் சொல்லுங்க டீச்சர். அதான் எடுத்துட்டு வந்தேன்."

"இதை எடுத்துட்டு வந்துட்டீங்க. அங்க அவர் பக்கத்துல யாரு?"

"கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேன். அரை மணி நேரம்தானேன்னு."

டீச்சர் பொத்தானின் பின்மூடியைக் கழற்றினார். இரண்டு சின்ன பேட்டரிகளையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். இரண்டும் தீர்ந்திருந்தன.

"எப்போ போட்டது?"

"போர்ட்டைப் பிரிக்கிறதுக்கு ரெண்டு நாள் முந்தி. புது பேட்டரி. ஒரு வருஷம் வரும்னு போட்டிருந்தான். ஏமாத்திட்டான்."

டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து வேறு இரண்டு பேட்டரிகளை எடுத்துப் போட்டு, பொத்தானை ஒருமுறை அழுத்தி மேசையின் நடுவே வைத்தார்.

அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. நின்றது. மறுபடியும் மினுக்கியது.

"நீங்க போனைத் தொட்டுப் பதில் வந்தா ஒரு தடவையோட தூங்கிரும்" என்றார் டீச்சர். "அப்படித் தூங்குறதாலதான் பேட்டரி ஒரு வருஷம் வருது. பதில் வரலைன்னா கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்."

விளக்கு மினுக்கியது.

கோமதிநாயகம் அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரையைப் பாதி அட்டையாகக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போன வாரம் காலையில போனா, கட்டிலுக்குக் கீழே கிடக்கான்" என்றார். "தரையெல்லாம் ஈரம். எவ்வளவு நேரமாக் கிடந்தானோ தெரியலை. பொத்தான் கையில இருக்கு. அதை அமுக்கியிருக்கலாம்ல? நான் போயிருப்பேன்ல?"

விளக்கு மினுக்கியது.

"தூக்கி உக்கார வச்சு, ஏன்ல கூப்பிடலைன்னு கேட்டேன். பொத்தானை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதான். எனக்கு என்னத்த புரியும்? கோவிச்சுக்கிட்டான்னு நினைச்சேன்."

சாகுல் முனை போடுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

"போர்ட்டைப் பிரிச்ச பிறகு, மணி வருதான்னு ஒரு தடவை அழுத்திப் பார்த்தீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்லை."

"மாடிக்கு எத்தனை தடவை ஏறியிருப்பீங்க."

"ஏறினேன். சோறு கொடுக்க ஏறினேன். துடைச்சுவிட ஏறினேன்."

"பொத்தான் கட்டில்லதானே கிடந்துது."

கோமதிநாயகம் துணிப்பையின் காதை விரலில் முறுக்கினார்.

"அமுக்கினா அடிச்சிருமோன்னு இருந்துச்சு டீச்சர்."

விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

"அதை அணைங்க."

"நான் அணைக்க முடியாது. பதில் வரணும்."

கோமதிநாயகம் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். ஒருமுறை தவறான இடத்தில் அமுக்கிவிட்டுத் திரும்பி வந்தார். மூன்று போர்ட்டுகளையும் பழைய வலைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். முகவரி கொடுப்பதைத் திரும்பத் தொடங்கினார். சேமித்தார். ரவுட்டர் காத்திருந்தது. எட்ட முடிகிறது என்று கண்டுகொண்டதும் மாற்றத்தை நிலைக்க விட்டது.

சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது.

அவர் எடுக்கவில்லை. அது அடித்தது. சட்டைத் துணிக்குள் அதன் வெளிச்சம் தெரிந்தது. கடைசியில் எடுத்து, திரையைத் தொட்டார். மேசையில் சிவப்பு விளக்கு அணைந்தது.

"வேலை செய்யுது" என்றான் சாகுல், மெதுவாக.

டீச்சர் எழுந்து வயர்களைக் கழற்றினார். ரவுட்டரைப் பையில் வைத்தார். வெள்ளைப் பெட்டியை வைத்தார். பொத்தானை மேலே வைத்தார். தீர்ந்துபோன இரண்டு பேட்டரிகள் மேசையில் கிடந்தன.

கோமதிநாயகம் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். பிறகு திரும்பி வந்தார். ஒரு பேட்டரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இது தீருற வரைக்கும் கூப்பிட்டிருக்கான்."

"ஆமா."

"தீர்ந்த பிறகு விட்டிருப்பான்ல டீச்சர்? வேலை செய்யலைன்னு தெரிஞ்சிருக்கும்ல அவனுக்கு?"

டீச்சர் அவர் கையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார்.

"தீர்ந்துட்டா விளக்கு அணைஞ்சிரும் அண்ணாச்சி. பதில் வந்தாலும் அணைஞ்சிரும். நீங்க வர்றீங்கன்னுதான் நினைச்சிருப்பார்."