மைனாவின் முதுகில் ஒரு சில்வண்டு

ஏரிக்கரைப் பனைமரப் பொந்தில் ஒரு மைனா மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு வல்லூறும் சுற்றிக்கொண்டிருந்தது. இரை தேடப் போனால் உயிரோடு திரும்புவோமா என்று மைனாவுக்கு எப்போதும் பயம்தான்.

ஒருநாள் அது ஒரு சில்வண்டைப் பிடித்தது.

"அக்கா, விட்டுடுங்க! எனக்குக் காது முன்னங்காலில் இருக்கு. இறக்கைச் சத்தம் எங்கே வந்தாலும் கேட்கும். உங்க முதுகில் உட்கார்ந்து, வல்லூறு வந்தால் சொல்றேன்!"

காலில் காதா! மைனா அசந்துபோனது. "சரி, ஏறிக்கோ. கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

மைனா ஒரு கொழுத்த புழுவைக் கவ்விக்கொண்டு பறந்தது. உடனே சில்வண்டு அலறியது. "அக்கா! இறக்கைச் சத்தம்! ரொம்பப் பக்கத்துல!"

மைனா பதறிப்போய் முள்புதருக்குள் பாய்ந்தது. புழு ஏரியில் விழுந்தது. வானத்தைப் பார்த்தால் ஒரு கொசுகூட இல்லை!

மறுபடியும் ஒரு புழு. மறுபடியும் அலறல். மறுபடியும் முள். பொந்தில் குஞ்சுகள் பசியில் கத்தின.

மைனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இனிமேல் வாயைத் திறந்தே, உன்னையே பிள்ளைகளுக்குப் போட்டுடுவேன்!"

சில்வண்டு வாயை மூடிக்கொண்டது.

அடுத்தமுறை ஏரிக்கரையோரம் பறக்கும்போது சடாரென்று ஏதோ அடித்தது. வல்லூறு! மைனாவின் வால் மொத்தமும் அதன் நகத்தில் போய்விட்டது! மைனா உருண்டு புரண்டு புதரில் விழுந்தது.

"அடப்பாவி! சத்தம் கேட்கலையா உனக்கு?"

"கேட்டுதுக்கா! சொன்னால் பிள்ளைகளுக்குப் போட்டுடுவேன்னீங்களே!"

மைனா கேட்டது: "அப்போ முன்னாடி ரெண்டு தடவை ஏன் பொய் சொன்னே?"

"பொய்யில்லக்கா. நிஜமாவே கேட்டுச்சு. நீங்க புதருக்குள்ள உட்கார்ந்ததும் நின்னுடுச்சு."

மைனா திடுக்கிட்டது. சில்வண்டின் முன்னங்கால் எங்கே பிடித்திருக்கிறது? தன் இறக்கையின் அடியில்! கனத்த புழுவோடு படபடவென்று அடித்தது தன் இறக்கைதான்!

"ஐயோ, என்னைப் பார்த்து நானே ஓடினேனா!"

"யார் இறக்கைன்னு எனக்குத் தெரியாதேக்கா."

"இனி நீ கத்து. நான் இறக்கையை அசைக்காமல் ஒரு நொடி மிதக்கிறேன். அப்பவும் கேட்டால், மறுபடி கத்து!"

அன்று சாயங்காலம் சில்வண்டு கத்தியது. மைனா மிதந்தது. "நின்னுடுச்சுக்கா, போங்க!" முதல் புழு குஞ்சுகளின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொருமுறை கத்தியது. மைனா மிதந்தது. "நிக்கல அக்கா, நிக்கல!" மைனா முள்ளுக்குள் பாய, வல்லூறு வெறுங்காலோடு தாண்டிப் போனது.

மைனா வாலில்லாமல் பொந்துக்குத் திரும்பியது. "அம்மா, முதுகில் இருக்கிறதையும் தின்னலாமா?" என்றது கடைக்குட்டி.

"வாயை மூடு! அது உன் மாமா!"

வீணாகக் கத்துகிறான் என்று ஒருவன் வாயை அடைக்கும் முன், அவன் காதில் விழுந்தது என்ன என்று ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும்.