தேவதாருவுக்கு இன்ஸ்பெக்ஷன்

குன்னூரில் ஒரு நாற்றுப் பண்ணை. அங்கே குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்திரண்டு. குரு, பண்ணைக்காரி செலின் அம்மா. சீடர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியகருப்பன்.

தொங்கு தேவதாரு வளர்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். கிளையெல்லாம் தரையைப் பார்த்து இறங்கும் ஊசியிலை மரம் அது. அழகுக்காகத் தோட்டத்தில் வைப்பார்கள்.

நாலு வருஷமாக ஒரே தொட்டி, ஒரே மரம். பெற்ற பிள்ளையைக்கூட மனிதர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. மறுநாள் மலர்க் கண்காட்சி. செலின் அம்மா சரி என்றால்தான் மரம் வண்டி ஏறும்.

காலையில் பார்க்க வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு கிளை பாக்கியில்லாமல் வாழைநாரால் மேலே இழுத்துக் கட்டியிருந்தது. துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி விறைத்து நின்றது மரம்.

“என்னங்கய்யா இது?”

“நாளைக்கு நடுவருங்க வர்றாங்கம்மா. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்குத் தோளைத் தொங்கப்போட்டு நிக்கலாமா? நேத்துப் பூரா கட்டினேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியகருப்பனுக்கோ கண் கலங்கிவிட்டது.

“நாலு வருஷமும் பாழாப் போச்சாம்மா?”

அம்மா கத்தரிக்கோலால் ஒரு முடிச்சை வெட்டினார். கிளை சரேலென்று இறங்கி, ரெண்டு தரம் ஆடி, பழைய இடத்தில் நின்றது. அப்புறம் கத்தரிக்கோலைப் பெரியகருப்பன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

முடிச்சுகளை வெட்ட வெட்டக் கிளைகள் அவர் மேலே வந்து விழுந்தன. மீசையெல்லாம் ஊசியிலை. “அடேயப்பா, என்னமா ஆடுது!” என்று அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் குஷியில் நடுத்தண்டைப் பிடித்திருந்த மூங்கில் கம்பின் முடிச்சையும் வெட்டப் போனார். அம்மா சட்டென்று கையைப் பிடித்தார்.

“அதைத் தொடாதீங்க. முதல் வருஷம் நீங்க அதைக் கட்டலேன்னா இது தரையிலதான் படர்ந்து கிடக்கும்.”

“அப்ப வண்டியில ஏத்தலாமாம்மா?”

“தாராளமா ஏத்துங்க.”

ஹவில்தார் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அடித்த கையோடு ஒரு சந்தேகமும் வந்துவிட்டது.

“நாலு வருஷமா நீ என்னய்யா செஞ்சேன்னு நடுவர் கேட்டா, என்னம்மா சொல்றது?”

“நிக்க வெச்சேன்னு சொல்லுங்க. ஆடுறது அது பாடு.”