கடைசிக் கட்டத்தில் எழுதியது

உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே தலைமை ஆசிரியை ஜெபராணிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த அமலோற்பவத்துக்கு நாற்பது. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, பிறகு படித்துப் பாஸ் பண்ணி வந்தவள். வேலை தற்காலிகம். வியாழக்கிழமை கல்வி அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று எழுதினால்தான் நிலைக்கும்.

திங்கட்கிழமை காலையில் அமலோற்பவம் பாடக்குறிப்பு நோட்டை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதியது. நாலாம் வகுப்பு, கணக்கு, அரையும் காலும். எத்தனை நிமிடம் பேசுவது, எப்போது படம் போடுவது, எல்லாம் இருந்தது.

பாடம் எப்படிப் போனது என்று எழுதுவதற்கான கடைசிக் கட்டத்தை ஜெபராணி வாசித்தாள். ‘மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்.’

“இது எந்தப் பாடத்துக்கு அக்கா?”

“இன்னைக்கு நடத்தப்போற பாடத்துக்கு, டீச்சர்.”

“நடத்தியாச்சா?”

“பதினோரு மணிக்குத்தான் வகுப்பு.”

ஜெபராணி கையெழுத்துப் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாரும் இப்படித்தான் டீச்சர் எழுதுதாங்க.”

“ஆமா, எழுதுதாங்க.”

பதினோரு மணிக்குப் பாடம் நடந்தது. அமலோற்பவம் வட்டம் போட்டாள், இரண்டாக வெட்டினாள், நாலாக வெட்டினாள். மணியடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்” என்று வகுப்பே ராகம் போட்டது. ஒரு குரல் மட்டும் பிந்தி வந்தது.

“எனக்குப் புரியல.”

கடைசி வரிசை இசக்கியம்மாள்.

“என்னட்டி புரியல?”

“கீழ ரெண்டு போட்டது பெருசு, நாலு போட்டது சின்னதுன்னு சொல்லுதீங்க. நாலுதான டீச்சர் பெருசு?”

“படம் போட்டேன்லா?”

“பாத்தேன். புரியல.”

“எல்லாரும் புரிஞ்சுதுன்னு சொல்லுதாங்கல்லா?”

“அவங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

வகுப்பு சிரித்தது. அமலோற்பவம் சிரிக்கவில்லை.

மதியம் அவள் ஜெபராணியிடம் வந்தாள். “வியாழக்கிழமை மட்டும் அந்தப் பிள்ளையை மூணாம் வகுப்புல உக்கார வைங்க டீச்சர். என் வேலைக்கு உலை வச்சிருவா.”

அமலோற்பவம் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஜெபராணி அதை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என்ன டீச்சர்?”

“நீங்க சாப்பிட்டாச்சு அக்கா.”

“நான் எங்க சாப்பிட்டேன்?”

ஜெபராணி ஒரு தாளைக் காட்டினாள். ‘அமலோற்பவம் மதியம் வயிறாரச் சாப்பிட்டாள்’ என்று இருந்தது. காலையிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள்.

“விளையாடாதீங்க டீச்சர். பசிக்குது.”

“தாள்ல அப்படி இல்லையே.”

அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது. “பசிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லுதேன். நீங்க தாளைக் காட்டுதீங்க.”

ஜெபராணி சட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். “அவளும் வாய்விட்டுத்தான அக்கா சொன்னா.”

சாப்பிட்டு முடித்ததும் அமலோற்பவம் நோட்டை எடுத்து அந்தக் கடைசி வரியை அடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காகிதத்தை மடித்துக் காட்டினாள். புதன்கிழமை இரண்டு கருப்பட்டியைக் கொண்டுவந்து, ஒன்றை இரண்டாகவும் ஒன்றை நாலாகவும் உடைத்தாள். இசக்கியம்மாள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். “இது புரியுது டீச்சர். நம்பரா எழுதினாத்தான் புரியல” என்றாள்.

அன்று பாடம் முடிந்த பிறகுதான் அமலோற்பவம் கடைசிக் கட்டத்தை எழுதினாள். ஜெபராணி அதில் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். இசக்கியம்மாள் முதல் வரிசையில் இருந்தாள். பாடம் முடிந்ததும் அமலோற்பவம் கேட்டாள்.

“யாருக்குப் புரியல?”

இசக்கியம்மாள் கை தூக்கினாள். அமலோற்பவம் திட்டவில்லை. பின்னாலிருந்து இன்னொரு கை எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக நாலு கை.

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டி, முந்தின நாள் எழுதிய கடைசிக் கட்டத்தை வாசித்தார். ‘இசக்கியம்மாளுக்கு இன்னும் புரியவில்லை. நாளைக்கு வேறு மாதிரி நடத்த வேண்டும்.’

“இதையெல்லாம் யாராவது எழுதுவாங்களாம்மா? அடிச்சிட்டு நல்லபடியா எழுதுங்க. இல்லைன்னா உங்களை வேலையில வைக்கச் சொல்லி நான் எழுத முடியாது.”

பேனாவை நீட்டினார். அமலோற்பவம் வாங்கினாள். இசக்கியம்மாள் பெயருக்குக் கீழே மற்ற ஐந்து பேரின் பெயரையும் எழுத ஆரம்பித்தாள். மூன்றாவது பெயரிலேயே கட்டம் நிறைந்துவிட்டது.

அதிகாரி ஜெபராணியைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களாவது சொல்லுங்க டீச்சர். இதுக்கெல்லாம் அதுல இடமே கிடையாது.”

ஜெபராணி அமலோற்பவத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அடுத்த பக்கத்துலயும் எழுதுங்க அக்கா. நான் கையெழுத்துப் போடுதேன்.”