தணிகாசலம் வீட்டுச் சோபா

மில் முதலாளி தணிகாசலம், வீட்டில் வளர்க்கக் கூடாதென்று சட்டம் தடுத்த ஆப்பிரிக்க விஷப்பாம்பைத் திருட்டுத்தனமாக வளர்த்தார். சோதனைக்கு வனத்துறை ரேஞ்சர் வாசலுக்கு வந்ததும் வேலைக்காரி குருவம்மாவிடம் சீறினார். "உடனே ஒளிச்சு வை. எங்கேன்னு எனக்கும் சொல்லாதே. மாட்டினா, வளர்த்தது நீதான்னு சொல்லி ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்."

அவள் மாடிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தாள்.

"என் வீட்டில பாம்பா? பல்லிகூடக் கிடையாது சார்" என்று உள்ளே வந்த ரேஞ்சரிடம் சிரித்தபடி தணிகாசலம் சோபாவில் உட்காரப் போனார்.

"ஐயையோ, அதில உட்காராதீங்க ஐயா!" குருவம்மா அலறினாள்.

தணிகாசலம் மேஜைமேல் தாவி ஏறினார். "பாவி! இங்கேயா வச்சே? என் பாம்பு கடிச்சா பத்து நிமிஷத்தில உயிர் போயிடும்டி!"

ரேஞ்சர் நோட்டைத் திறந்தார். "யார் பாம்பு சார்?"

குருவம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாம்பு மாடியில பூட்டின பெட்டியிலதான் இருக்குதுங்க. அதை யாரு தொடுவா? சோபாவில ஸ்பிரிங் குத்தும்னு சொல்ல வந்தேன்."