முலாம்பழக் கொடிக்குக் குடை

மருதங்கோட்டை அரசர் வீரகேசரிக்கு முலாம்பழம் என்றால் உயிர். குளிர்நாட்டு வணிகன் ஒருவன் தந்த விதைகளை அரண்மனைத் தோட்டத்தில் போட்டார். நம் வெயிலில் அத்தனையும் கருகிவிட்டன. மிச்சம் நாற்பது விதைகள். அவற்றை அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன அம்பலத்தாடியிடம் கொடுத்தார்.

"உன் வீட்டுக் கொல்லையில் போடு. இந்தக் கோடைக்குள் எனக்குப் பழம் வேண்டும்."

அந்தக் கொல்லைமேல் பக்கத்து வீட்டு அமைச்சர் சொக்கேசருக்கு வெகுநாளாகக் கண். "முளைத்ததில் ஒன்றுகூடச் சாகக் கூடாது அரசே! செத்தால் கொல்லை எனக்கு" என்று இடையில் புகுந்தார். அரசரும் தலையாட்டிவிட்டார்.

அம்பலத்தாடியின் மனைவி வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "கிணறே வறண்டு கிடக்கு. நாற்பதும் எப்படிங்க பிழைக்கும்?"

"தாங்குறது இங்கே இருக்கட்டும். தாங்காததுக்கு வேற வீடு பார்ப்போம்."

நாற்பதும் முளைத்தன. வாரத்துக்கு ஒரு தண்ணீர்தான் விட்டான். முதல் செடி வாடியதும் வேர்மண் உதிராமல் பெயர்த்துச் சட்டியில் வைத்து அவைக்குத் தூக்கிப்போனான்.

"அரசே, இது நிழல் கேட்கிறது. என் கொல்லையில் ஏது நிழல்? அமைச்சர் வீட்டில் பந்தல் இருக்கிறது."

"அமைச்சரே, எடுத்துச் செல்லும். செத்தால் உம்மைத்தான் கேட்பேன்" என்றார் அரசர்.

இப்படியே முப்பத்தைந்து செடிகள் அமைச்சர் வீட்டுக்குக் குடிபோயின. அவருடைய ஆட்கள் காலையில் குடம் தூக்கினார்கள், மதியம் குடை பிடித்தார்கள். கொடி கொழுத்தது. ஒரு பிஞ்சு இல்லை.

கொல்லையில் தாக்குப்பிடித்த ஐந்தும் காய்த்தன. பழம் சிறிது, ஆனால் கற்கண்டு. அதிகம் இனித்ததன் விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைத்தாள் வடிவு. மற்ற பழங்கள் அரசருக்குப் போயின. அவர் சாறு தாடியில் வழிய வழியத் தின்றார்.

"இனி என் தோட்டத்திலும் இந்த விதைதான்!"

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "நோஞ்சானையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டான் அரசே!"

"ஏனப்பா அப்படிச் செய்தாய்?"

"வெயில் ஆகாது, காய்க்கவும் காய்க்காது. ஆனால் வேளாவேளைக்கு ஊற்ற வேண்டும், குடை பிடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர்கள் எங்கே சௌக்கியமாக இருக்கிறார்களோ, அங்கேதானே அரசே அனுப்ப முடியும்?"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொல்லை உனக்கேதான்!" என்று கழுத்துச் சங்கிலியையும் கழற்றிப் போட்டார்.

பின்னால் வெண்குடை பிடித்து நின்றவனும் களுக்கென்று சிரித்துவிட்டான். அரசர் மெல்ல அண்ணாந்து குடையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அடே அம்பலத்தாடி..!"

அதற்குள் அவன் சங்கிலியோடு கோட்டை வாசலைத் தாண்டியிருந்தான்.